ஈசானி மூலைக்கு ஒன்பது

உதறாதீங்க தம்பி. உதறினா அது வராது. தொடையில போட்டுத் தேய்க்கிறதும் வேண்டாம். திருச்சியில பஸ் எடுத்ததுலேர்ந்து பாத்துக்கிட்டே வர்றேன், அந்த மவுஸ வச்சுக்கிட்டு நீங்க படுற பாட்டப் பாத்தா எனக்கே சங்கடமா இருக்கு. விரலால தடவுற பட்டை ஒண்ணு இருக்குமே, அதுவும் செத்துப் போச்சா? காபி ஊத்திட்டீங்களா? சரி விடுங்க, எல்லாரும் ஊத்துறதுதான்.

மவுஸே இல்லாம அந்த அம்புக்குறிய நகத்தலாம், தெரியுமா? நிசமாத்தான் சொல்றேன். உங்க கம்ப்யூட்டர்ல வலது ஓரத்துல நம்பர் கட்டம் இருக்கு பாருங்க, அது போதும். மூணு கட்டையச் சேத்து அமுக்கணும், அம்புட்டுத்தான். எந்த மூணா? சொல்றேன், சொல்றேன், எங்க ஓடிப்போகப் போறேன்? நானும் கோயம்புத்தூர் வரைக்கும்தான் வர்றேன். ஆனா அந்த மூணு கட்டையச் சொல்லணும்னா மொதல்ல என் பொண்ணு கதையச் சொல்லணும். மொட்டையா சொன்னா அதோட அருமை உங்களுக்குத் தெரியாது.

எனக்குப் புதுக்கோட்டை. பேரு அருணகிரி. பஸ் ஸ்டாண்டுல எறங்கி 'பிளான் அருணகிரி வீடு'ன்னு சொல்லிப் பாருங்க, ஆட்டோக்காரரே கொண்டாந்து விட்டுருவார். வீட்டுக்கு பிளான் போடுறது, மனையடி பாத்துச் சொல்றது, ரெண்டும் நம்ம தொழில். இஞ்சினியருங்களும்தான் பிளான் போடுறாங்க. அடுப்படியக் கொண்டுபோய்க் கன்னி மூலையில வச்சிருவாங்க. அப்புறம் அந்த வீட்டுல சண்டை ஓயுமா? நம்ம பிளான்ல அந்தப் பேச்சே கெடையாது. உங்க வீட்டுல சண்டையே இல்லையான்னு கேக்காதீங்க. அது நான் கட்டின வீடு இல்ல, எங்க மாமனார் கட்டினது.

வீட்டுல நான், எங்க வீட்டுக்காரி தையல்நாயகி, ரெண்டு பொண்ணுங்க. மூத்தவ சிவரஞ்சனி, சின்னவ கௌசிகா. கூடத்துல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு, தொழிலுக்கு வாங்கினது. பொண்ணுங்க அதுல டைப் அடிக்கட்டும், பாட்டுக் கேக்கட்டும், நான் வேண்டாங்கல. மவுஸ் மட்டும் என் கையில இருக்கணும். அது எங்க வீட்டுப் பழக்கம். அதுங்களுக்கு எதாவது பாக்கணும்னா 'அப்பா, அங்க அமுக்குங்க, இங்க அமுக்குங்க'ன்னு சொல்லும், நான் அமுக்குவேன். ஒரு வீட்டுல அப்பனும் புள்ளைங்களும் அப்படி ஒத்துமையா உக்காந்து கம்ப்யூட்டர் பாக்குறத நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?

மூத்தவ பிளஸ் டூ முடிச்சா. நல்ல மார்க்கு. இஞ்சினியரிங் கவுன்சிலிங் இருக்குல்ல, அதுல காலேஜ் பேரையெல்லாம் கம்ப்யூட்டர்ல வரிசையாப் போடணும். எது மேல இருக்கோ அதத்தான் மொதல்ல குடுப்பாங்க. கடைசி நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள லாக் பண்ணிரணும். பண்ணியாச்சுன்னா பிரம்மாவே வந்தாலும் மாத்த முடியாது. இவ மார்க்குக்கு எதை மேல போட்டாலும் கெடச்சிரும்னு பள்ளிக்கூடத்து டீச்சரே சொல்லிட்டாங்க. ஆக, எது மேலங்கிறதுதான் இங்க பேச்சே.

என் மனசுல ஒரு காலேஜ் இருந்துச்சு. நம்ம ஊருக்குப் பக்கத்துலயே, வீட்டுக்கு வடகிழக்கே, ஈசானி மூலையில. காலையில டவுன் பஸ்ல போனா சாயங்காலம் டவுன் பஸ்ல வந்துரலாம், மத்தியானத்துக்கு வீட்டுச் சோறு. இவ என்ன பண்ணியிருக்கா தெரியுமா? கோயம்புத்தூர் காலேஜ உச்சியில தூக்கி வச்சுட்டு, நம்ம காலேஜக் கடைசி வரியில போட்டு வச்சிருக்கா. கோயம்புத்தூர் நமக்கு எந்தத் திசை? வாயு மூலை. வடமேக்கு, காத்து மூலைம்மா அது, அங்க எதை வச்சாலும் நிலையா நிக்காதுன்னேன். அந்த மூலைக்கு அனுப்பின பொண்ணு வீட்டுக்குத் திரும்பாதுன்னேன். 'அப்பா, அது ஊருப்பா, ரூம் இல்ல'ங்குது. திசைன்னா திசைதான, அதுல ஊரென்ன ரூமென்ன?

ஒரே அழுகை. சோறு வேண்டாம்னு படுத்துக்கிட்டா. தையல்நாயகி வந்து, 'புள்ள ஆசைப்படுது, விடுங்களேன்'னா. ஏன், எனக்கு ஆசை இருக்காதா தம்பி? நீங்களே சொல்லுங்க. வெயில்ல மனை மனையா அலைஞ்சுட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சா, 'அப்பா, சாப்பிட்டீங்களா'ன்னு கேக்குறது அந்த வீட்டுலயே அவ ஒருத்திதான். மத்ததுங்க ரெண்டும் 'செருப்ப வெளிய விடுங்க'ன்னுதான் சொல்லும். அந்தக் குரல் இல்லாத வீட்டுக்குள்ள நான் எப்படிப் போய் உக்காருவேன்? இதையெல்லாம் வாயத் தொறந்து சொல்ல முடியுமா? அதனால வாயு மூலைன்னு சொன்னேன். வாயு மூலைங்கிறதும் உண்மைதான்னு வச்சுக்கங்க.

கடைசி நாள் வியாழக்கிழமை. ஒன்றரைலேர்ந்து மூணு வரைக்கும் ராகுகாலம். மூணு அடிக்கட்டும், நானே உக்காந்து வரிசைய மாத்தி லாக் பண்ணிர்றேன்னு சொல்லிட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணேன். என் மேசை எப்பவும் வடக்கே பாத்துக் கெடக்கும். தொழிலுக்கு வடக்கு, குபேரன் தெசை. படிப்புக் காரியத்துக்குக் கிழக்கே பாத்து உக்காரணும்ல? அதனால மேசையக் கிழக்கே பாக்கத் திருப்பிப் போட்டேன். இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால வருது. சாப்பிட்டுட்டு, 'மூணு மணிக்கு எழுப்பு'ன்னு தையல்நாயகிகிட்ட சொல்லிட்டுக் கட்டையச் சாச்சேன்.

இப்பத்தான் தம்பி அதிசயமே. எங்க கூடத்துல ஒரு சொவத்துக் கடிகாரம் உண்டு. பொங்கலோட நின்னு போச்சு. செல்லு வாங்கிப் போடணும் போடணும்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன், யாரும் போடல. கண்ணு முழிக்கிறேன், டிக் டிக்னு சத்தம் கேக்குது. நிமிந்து பாத்தா, ஓடுது! யாரு தொட்டதுன்னு கேட்டேன். 'நான் அடுப்படியிலல்ல இருந்தேன்'ங்கிறா தையல்நாயகி. 'நான் தலைக்குக் குளிக்கப் போயிருந்தேம்ப்பா'ங்குது ரஞ்சனி. சின்னவ வாயப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிட்டா, பயந்துபோச்சு பாவம். எனக்கே புல்லரிச்சுப் போச்சு. எங்க கொலசாமி கருப்பரே வந்து நேரம் காட்டுறார்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

ஆனா மணியப் பாத்தா நாலரை! சாமியே காட்டுற நேரம், அதை கம்ப்யூட்டர்லயும் போன்லயும் எதுக்குச் சரி பாக்கணும்? 'ஏன்டி எழுப்பல?'ன்னு கத்துறேன். 'அசந்து தூங்குறீங்களே, எழுப்ப மனசு வரல'ங்கிறா. இருவத்தஞ்சு வருசத்துல நான் தூங்குறதப் பாத்து அவளுக்கு மனசு எளகினது அன்னைக்கு ஒரு நாள்தான்.

ஓடிப்போய் மேசையில உக்காந்தேன். மவுஸ நகத்துறேன், அம்புக்குறி நகரல. தட்டினேன். ஊதினேன். உங்கள மாதிரி தொடையிலயும் தேச்சேன். அடியில செவப்பா ஒரு வெளிச்சம் வருமே, அதுவும் இல்ல. செல்லு தீந்திருக்கும்னு சொல்லப் போறீங்க. அதான் இல்ல. முந்தின வாரம்தான் என் கையால புதுச் செல்லு போட்டேன். புதுச் செல்லு ஒரு வாரத்துல தீருமா? அதனால அதை நான் தொறந்தே பாக்கல. நமக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்கிறப்ப எதுக்குத் தொறந்து பாக்கணும்?

தையல்நாயகி வந்து எட்டிப் பாத்தா. 'கெட்டுப் போச்சா? ஐயய்யோ! ஐயய்யோ!'ன்னு தலையில கை வச்சுக்கிட்டா. எங்கம்மா செத்ததுக்குக்கூட அவ அவ்வளவு வருத்தப்பட்டு நான் பாக்கல. 'சரி, என்ன பண்றது, தலையெழுத்து. புள்ள போட்ட வரிசையே இருந்துட்டுப் போகட்டும். அஞ்சு மணிக்குத் தானாவே லாக் ஆயிருமாம்'னா. எப்படித்தான் அவளுக்கு அதெல்லாம் தெரிஞ்சுதோ. 'போன்லயாவது பாக்கலாமா?'ன்னேன். 'போன்ல அது சரியா வராதுப்பா'ன்னு ரஞ்சனி சட்டுனு சொல்லிருச்சு.

நான் சிரிச்சேன். யாருகிட்ட? பிளான் அருணகிரிகிட்டயா? நாங்கெல்லாம் மவுஸுக்குள்ள ரப்பர் உருண்டை இருந்த காலத்துலயே கம்ப்யூட்டர் பாத்தவங்க. அந்த உருண்டையில அழுக்குச் சேந்துச்சுன்னா வாரத்துல பாதி நாள் மக்கர் பண்ணும். ரிப்பேருக்கு வந்த மனுஷன் ஒருத்தர், செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னபடியே எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போன வித்தை இது. அன்னைக்கு நான் ஒரு ரெண்டு மாடி வீட்டையே நம்பர் கட்டத்துல வரைஞ்சு முடிச்சேன். வீட்டுல இருக்கிறவங்களுக்கு இது தெரியாது. நம்ம பெருமைய நாமளே பேசக் கூடாதுல்ல?

அந்த நம்பர் கட்டத்த நல்லாப் பாருங்க தம்பி. அது என்னன்னு தெரியுதா? மனை! சதுர மனை! நடுவுல அஞ்சு, அது பிரம்ம ஸ்தானம். சுத்தி எட்டுத் தெசை. மேல எட்டு, வடக்கு. கீழ ரெண்டு, தெக்கு. ஆறு கிழக்கு, நாலு மேக்கு. ஈசானி மூலைக்கு ஒன்பது. அக்கினி மூலைக்கு மூணு. கன்னி மூலைக்கு ஒண்ணு. வாயு மூலைக்கு ஏழு. எந்தக் கட்டைய அமுக்குறீங்களோ அந்தத் தெசைக்கு அம்புக்குறி போகும். நடுவுல இருக்கிற அஞ்ச அமுக்கினா மவுஸ அமுக்கின மாதிரி. பூஜ்யத்த அமுக்கினா, கையில எடுத்த சாமான விடாமப் பிடிச்சுக்கும். அதுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி இருக்கு, அதை அமுக்கினாத்தான் விடும். எனக்கு எந்த அளவுக்குப் பழகிப் போச்சுன்னா, வாயில ஒரு மூலை பேரு வந்தா விரல் தன்னால அந்தக் கட்டைக்குப் போயிரும்.

மூணு கட்டையச் சேத்து அமுக்கினேன். கம்ப்யூட்டர் ஒரு சத்தம் போட்டுச்சு. அம்புக்குறி நகந்துச்சு. தையல்நாயகி கையில இருந்த காபி தம்ளரு டொப்புனு மேசையில உக்காந்துச்சு. ரஞ்சனிக்கு மொகமே வெளுத்துப் போச்சு. அப்பனுக்குள்ள இவ்வளவு இருக்கான்னு ஆச்சரியம் அதுங்களுக்கு. எனக்கும் பெருமைதான், பொய் சொல்லக் கூடாது.

கடைசி வரியில கெடந்த நம்ம காலேஜ் மேல கொண்டுபோய் நிறுத்திப் பூஜ்யத்த அமுக்கினேன். பிடிச்சுக்கிச்சு. எட்ட அமுக்குறேன், ஆடி அசைஞ்சு மேல ஏறுது. சேலத்தத் தாண்டிருச்சு. மதுரையத் தாண்டிருச்சு. இன்னும் நாலு வரிதான், கோயம்புத்தூரு தலை மேல வச்சிரலாம். அப்பப் பாத்து தையல்நாயகி, 'ஏங்க, ஒரு சந்தேகம்'னா.

'என்ன?'

'நீங்கதான் சொல்லுவீங்க, எட்டுன்னா வடக்குன்னு. இப்பக் கிழக்கயில்ல பாத்து உக்காந்திருக்கீங்க? அப்ப எட்டு கிழக்காயிராது?'

அவ சொன்னது சரி தம்பி! பிளான் தாளத் திருப்பிப் போட்டா மூலையெல்லாம் மாறிப்போகும்ல? மேசையத் திருப்பினது நானு. கிழக்கே பாத்து உக்காந்தா எட்டு கிழக்கு, நாலு வடக்கு, ஏழு ஈசானி, ஒண்ணு வாயு மூலை. இதைக் கவனிக்காம இவ்வளவு நேரம் ஒரு நல்ல காரியத்தத் தப்பான தெசையில நகத்திக்கிட்டு இருந்திருக்கேன். இந்தத் தொழில்ல இல்லாதவங்களுக்கு அது புரியாது. ரஞ்சனிகூட, 'ஆமாப்பா, அம்மா சொல்றது கரெக்ட்டுப்பா, நல்லா யோசிச்சுக்கங்க'ன்னுச்சு. எங்க வீட்டுப் பொம்பளைங்க வாஸ்துவுல இவ்வளவு அக்கறை காட்டினதே அன்னைக்குத்தான்.

நான் மனசுக்குள்ள ஒவ்வொரு மூலையாத் திருப்பிக்கிட்டு இருக்கேன், போன் அடிக்குது. யாருன்னு பாத்தா மச்சினன் குணசேகரன், தையல்நாயகியோட தம்பி. மனையடி, வாஸ்துன்னாலே விழுந்து விழுந்து சிரிக்கிற ஆளு. வீடு கட்டுறான், இது வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல. 'மாமா, கொத்தனார் நிக்கிறாரு, செப்டிக் டேங்க் குழிய எங்க மாமா தோண்டச் சொல்றது?'ங்கிறான். வீடு தேடி வந்த மரியாதைய வேண்டாம்னு சொல்ல முடியுமா? கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சுட்டு, போன எடது கையில பிடிச்சுக்கிட்டேன். 'வாயு மூலைடா மாப்ள'ன்னேன். 'எது மாமா?'ங்கிறான். 'வாயு மூலை, வாயு மூலை'ங்கிறேன். 'காதுல விழல மாமா'ங்கிறான். 'வாயு மூலைடா! வாயு மூலை! வாயு மூலையில எறக்குடா!'ன்னு நான் கத்துறேன். அவனுக்குப் புரியவைக்கிறதுக்குள்ள எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு.

நான்தான் சொன்னேன்ல, வாயில மூலை பேரு வந்தா விரல் தன்னாலப் போயிரும்னு. வலது கை நம்பர் கட்டத்து மேலயே இருந்திருக்கு. கிழக்கே பாத்து உக்காந்தா வாயு மூலைக்கு எந்தக் கட்டை? ஒண்ணு. எடது பக்கமாக் கீழ எறங்குற கட்டை. பிடிச்ச சாமானப் புள்ளி அமுக்கி விடவும் இல்ல நான். அம்புட்டுத்தான். 'சரி மாப்ள, விட்டுரு, வேலையப் பாரு'ன்னு போன வச்சேன். விட்டுருன்னு சொன்னதும் விரல் புள்ளிய அமுக்கிருச்சு.

கண்ணாடியத் தேடுறேன், காணோம். மேசையிலதான் வச்சேன். கடிகாரத்தப் பாத்தா அஞ்சாகப் போகுது. 'அப்பா, நேரமாச்சுப்பா, லாக் பண்ணிருங்கப்பா'ன்னு ரஞ்சனி பதறுது. 'நம்ம காலேஜ் சரியான எடத்துல இருக்காம்மா?'ன்னு கேட்டேன். 'இருக்க வேண்டிய எடத்துல இருக்குப்பா'ன்னா. அப்புறம் என்ன? வழக்கம் போலத்தான். அவ சொல்லச் சொல்ல நான் அமுக்கினேன். 'வலது பக்கம்ப்பா, கொஞ்சம் கீழப்பா, அதான், அமுக்குங்கப்பா.' அமுக்கிட்டேன். லாக் ஆயிருச்சு. அவ என் தோள்ல மொகத்த வச்சுக்கிட்டு, 'தேங்க்ஸ்ப்பா'ன்னு அழுதா. நானும் அழுதுட்டேன். மனசு மாறிட்டா பாரு, அப்பனோட இருக்கணும்னு வந்துட்டா பாருன்னு நெனச்சு.

அந்தச் சந்தோசத்துல டீக்கடைக்குப் போனேன். வெளிய பாத்தா சுள்ளுனு வெயில். டீக்கடைக்காரர் அப்பத்தான் பாலு கொதிக்க வைக்கிறாரு. அன்னைக்குச் சாயங்காலம் எவ்வளவு நீளமா இருந்துச்சுங்கிறீங்க! இருட்டவே மாட்டேங்குது.

ரெண்டு வாரம் கழிச்சு சீட்டு வருது, கோயம்புத்தூர். காயிதத்துல பாத்தா நம்ம காலேஜ் பழைய எடத்துலயே, கடைசி வரியிலயே கெடக்கு. அப்பத்தான் அந்த வாயு மூலை விசயமே எனக்கு உறைச்சுது. யார நோகுறது? அமுக்கினது என் விரல். எல்லாம் அந்த மவுஸால வந்த வினை. அது மட்டும் அன்னைக்கு வேலை செஞ்சிருந்தா? அந்தக் கம்பெனிக்காரன நேர்ல பாத்தேன்னா நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பேன். மறுநாளே நல்லாயிருச்சு, அது வேற. தையல்நாயகி ஈரத் துணியால தொடைச்சாளாம், ஜம்முனு ஓடுது. கடிகாரம் அதோட நின்னு போச்சு. பாருங்களேன், எந்தக் காரியத்துக்குன்னு ஓடுச்சோ அதை முடிச்சுட்டு நின்னுக்கிச்சு. சாமி காரியம் தம்பி அது.

ஆனா ஒண்ணு சொல்லணும். வாயு மூலைக்குப் போன பொண்ணு திரும்பாதுன்னு சொன்னேன்ல? லீவு விட்டா மொத பஸ்ஸுல வந்து நிக்கிறா. தெனம் சாயங்காலம் போன் பண்ணி, 'அப்பா, சாப்பிட்டீங்களா'ங்கிறா. இப்ப மூணாவது வருசம். அவளப் பாக்கத்தான் இப்பப் போயிக்கிட்டு இருக்கேன். இந்தப் பையில முறுக்கும் ஊறுகாயும் இருக்கு. 'புள்ள ஏங்கிப் போயிருக்கும், இன்னைக்கே போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க'ன்னு தையல்நாயகி காலையில என்னைத் தள்ளாத குறையா ஏத்திவிட்டா.

இந்த வருசம் சின்னவளுக்குக் கவுன்சிலிங். அது சென்னைங்குது. சென்னை நமக்கு ஈசானி மூலைதான், நல்ல மூலைதான், நான் இல்லைங்கல. ஆனா ரொம்பத் தூரத்து ஈசானி தம்பி. இவளும் போயிட்டா அந்த வீட்டுல நானும் தையல்நாயகியும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அதனால இந்தத் தடவை நான் உசாரு. ஊருக்குக் கெளம்புறப்பவே மவுஸ எடுத்து இந்த முறுக்கு டப்பாவுக்கு அடியில வச்சுக்கிட்டேன். அது இல்லாம என்ன பண்ணிருவாங்க? கடைசி நாள் சனிக்கிழமைன்னு தையல்நாயகி சொன்னா. அதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன். என்னது, இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுதா? உங்க தங்கச்சியும் போட்டிருக்கா? அது வேற கவுன்சிலிங்கா இருக்கும் தம்பி. எங்க வீட்டுக்காரி விசாரிக்காம ஒண்ணும் சொல்ல மாட்டா.

ஒரு நிமிசம், போன் அடிக்குது. சின்னவதான். சொல்லும்மா கௌசி. பஸ்லதாம்மா, காங்கேயம் தாண்டியாச்சு. என்னது? அந்த மூணு கட்டையா? எதுக்கு? சும்மா தெரிஞ்சுக்கவா? அக்காவுக்கும் மறந்து போச்சாமா? பாத்தீங்களா தம்பி, அப்பனோட வித்தையக் கத்துக்கணும்னு ஆசை வந்திருக்கு. நீங்களும் கேட்டுக்கங்க, ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்லிர்றேன்.

எடது பக்கத்து ஆல்ட்டும்மா. எடது பக்கத்து ஷிஃப்ட்டு. அப்புறம் நம்பர் கட்டத்துல மேல, மூலையில, நம் லாக்னு ஒண்ணு. மூணையும் சேத்து. ஒரு கேள்வி கேக்கும், எண்டர் தட்டு. சத்தம் வந்துச்சா? வந்துச்சா! தம்பி, உங்களுதும் நகருதா! நான் சொல்லல? கௌசி, மேசை எப்படிக் கெடக்கு? வடக்கே பாத்துத்தான? அப்படியே இருக்கட்டும், திருப்பாத. எட்டுன்னா மேல, யாரு என்ன சொன்னாலும் எட்டுன்னா மேல. பூஜ்யத்த அமுக்கிப் பிடிச்சுக்க. கொண்டுபோ. மெதுவாத்தான் போகும், அவசரப்படாத. போயிருச்சா? இப்பப் புள்ளிய அமுக்கு. அதை மட்டும் மறந்துராத சாமி. பிடிச்சுக்க எல்லாருக்கும் வந்துரும். நேரம் பாத்து விட்டுரணும், அதுலதான் எல்லாம் இருக்கு. விடாமலே வச்சிருந்தா நம்ம நெனைக்காத எடத்துல போய் விழுந்துரும். விட்டுட்டியா? அவ்வளவுதான்டா. அதென்ன பின்னால டிக் டிக்னு சத்தம்? கடிகாரம் ஓடுதா! தானாவா! என்னம்மா சொன்ன? சரி, சரி, அப்பனுக்கு எதுக்கு அதெல்லாம். வச்சிர்றேன்.

'தேங்க்ஸ்ப்பா'ங்குது. மூத்தவளும் அன்னைக்கு அச்சு அசல் இப்படித்தான் சொன்னா.

ஏன் தம்பி என்னையே அப்படிப் பாக்குறீங்க? கடிகாரம் மறுபடி ஓடுதாம். அவ பொய் சொல்லுவாளா? மவுஸா? இருக்கு, இருக்கு, இந்தாங்க, நீங்களே பாருங்க, இதேதான். உங்களுதுல வேணா போட்டுப் பாருங்க, நல்லா ஓடும். எதுக்கு அடியில தொறக்குறீங்க?

செல்லு எங்க?

காலையில ஓடுச்சே. நான்தான அணைச்சு, சுத்தி, வச்சேன். இல்ல, நான் பல்லு வெளக்கப் போனப்ப மேசையிலதான் கெடந்துச்சு. நான் வந்து எடுத்து வச்சேன்.

ஓ.

அன்னைக்கும் அதான். அன்னைக்கும் அதான்ல?

அடிப் பாவி, நான் கெளம்பலைன்னா இன்னைக்கும் அதே வித்தைதான் போலருக்கு. குணசேகரன் வேற. 'காதுல விழல மாமா.' அந்தக் குட்டிக் கழுதை வாயப் பொத்திக்கிட்டு ஓடினது பயந்துபோய் இல்ல.

இப்ப மணி என்ன தம்பி? உங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்க, எங்க வீட்டுக் கடிகாரத்த நம்ப முடியாது. நாலே முக்காலா? அப்ப இன்னும் நேரம் இருக்கு. இப்ப ஒரு போன் போட்டு ஒரு சத்தம் போட்டேன்னா போதும், நிறுத்திருவாங்க. இன்னும் என் பேச்சுக்கு அந்த வீட்டுல அவ்வளவு மரியாதை இருக்கு.

இல்ல, வேண்டாம். போன உள்ளயே வச்சிர்றேன். அஞ்சு அடிக்கட்டும். அஞ்சு அடிச்சப்புறம் கூப்பிட்டு, கடிகாரத்துக்கு வேற செல்லு வாங்கிப் போடச் சொல்றேன். நீங்க முறுக்கு எடுத்துக்கங்க தம்பி, ரஞ்சனிக்கு நெறையவே இருக்கு.